லிபர்டி கப்பல்கள்: எப்படிக் கட்டினார்கள், எப்படிப் பெயர் வைத்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டித் தள்ளிய லிபர்டி சரக்குக் கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ஓரிடத்தில் சேர்த்துவிட்டேன், கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே. கட்டிய விதத்தை ஒரு கதையாகவும் பெயர் வைத்த விதத்தை வேறொரு கதையாகவும் பலர் பார்க்கிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்த ஆயிரக்கணக்கான இரும்புக் கூடுகளை, மக்கள் "இது நம்ம கப்பல்" என்று சொல்லும்படி செய்தவை அந்தப் பெயர்கள்.

லிபர்டி கப்பல்னா என்ன? போர்க்கப்பலா?

இல்லை, சரக்குக் கப்பல். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் 18 கப்பல் கட்டும் தளங்களில் ஒரே வரைபடத்தை வைத்து 2,710 கப்பல்கள் கட்டினார்கள். நீளம் சுமார் 134 மீட்டர், அகலம் 17 மீட்டர், ஐந்து சரக்கறைகள். ஏறக்குறைய 10,000 டன் ஏற்றலாம். ஜீப் என்றால் 2,840 ஜீப்புகள், டாங்கி என்றால் 440 சிறிய டாங்கிகள் என்று அப்போதே கணக்குச் சொல்வார்கள். வேகம் 11 நாட், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர்தான். தற்காப்புக்குச் சில பீரங்கிகள் இருந்தன, ஆனால் சண்டை போடுவது அதன் வேலை அல்ல.

எதுக்கு இவ்வளவு அவசரம்? இருக்கிற கப்பலை வச்சு ஓட்டியிருக்கலாமே?

இருக்கிற கப்பல்கள் மூழ்கிக்கொண்டே இருந்தன. பிரிட்டன் ஒரு தீவு. உணவு, எண்ணெய், மூலப்பொருள் எல்லாம் கடல் வழியாகத்தான் வர வேண்டும். ஜெர்மனியின் யு-போட் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தேடித் தேடி அழித்தன, கட்டுகிற வேகத்தைவிட மூழ்கடிக்கிற வேகம் கூடுதலாக இருந்தது. 1942இல் அமெரிக்கக் கரையோரத்திலேயே வந்து தாக்கினார்கள். மூழ்கடிப்பதைவிட வேகமாகக் கட்டினால் பிழைக்கலாம், இல்லையென்றால் இல்லை.

இது அமெரிக்க டிசைன்தானே?

அடிப்படை பிரிட்டனுடையது. 1940 கடைசியில் பிரிட்டிஷ் குழு ஒன்று அமெரிக்கா வந்து 60 கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் முக்கியமானவர் சண்டர்லாந்து நகரத்துக் கப்பல் கட்டும் குடும்பத்தைச் சேர்ந்த சிரில் தாம்சன். அவர்கள் கொண்டு வந்த வரைபடத்தில் கட்டியவை 'ஓஷன்' வரிசைக் கப்பல்கள். முதலாவதான ஓஷன் வேன்கார்ட் 1941 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் நீரில் இறங்கியது.

அமெரிக்கக் கடல் வணிக ஆணையம் அதே வரைபடத்தை எடுத்துச் சில மாற்றங்கள் செய்தது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் கொதிகலன், மாலுமிகள் தங்குமிடம் எல்லாம் நடுவில் ஒரே கட்டடமாக, ரிவெட்டுக்கு (தகடுகளைத் துளையிட்டுப் பிணைக்கும் ஆணி) பதில் பெரும்பாலும் வெல்டிங். அப்படி வந்ததுதான் லிபர்டி.

அந்தக் காலத்துலேயே டீசல், டர்பைன் எல்லாம் வந்தாச்சே, ஏன் பழைய நீராவி எஞ்சின்?

நல்ல டர்பைனும் டீசலும் கடற்படைக்குப் போய்விட்டன. அவற்றுக்கான பல்சக்கரங்களைத் துல்லியமாகக் கடையக்கூடிய தொழிற்சாலைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. மூன்று சிலிண்டர்களில் படிப்படியாக நீராவியை விரிய விடும் பழைய எஞ்சினை (2,500 குதிரைத்திறன், எடை சுமார் 140 டன்) பல சாதாரணத் தொழிற்சாலைகளே செய்துவிட முடியும், சில மாதப் பயிற்சியில் வந்த ஆளும் அதை ஓட்டிவிடலாம், நடுக்கடலில் கெட்டால் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சரிசெய்துவிடலாம். வேகம் குறைவு என்பது பெரிய குறைதான், ஆனால் அந்த நேரத்தில் இதுதான் சரியான முடிவு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நல்ல எஞ்சினுக்காகக் காத்திருந்தால் கப்பலே இருந்திருக்காது.

இத்தனை கப்பலை எப்படி இவ்வளவு வேகமா கட்டினாங்க?

அதற்கு முன் ஒரு கப்பல் என்றால் சறுக்குமேடையில் கீல் எனப்படும் அடித்தண்டைப் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு தகடாக ஏற்றி, ரிவெட் அடித்து அடித்து மேலே கொண்டு போவார்கள். மாதக்கணக்கில் மேடை அடைபட்டுக் கிடக்கும். லிபர்டியில் அந்த வரிசையையே மாற்றினார்கள். கப்பலின் அடிப்பகுதி, பக்கச்சுவர், தடுப்புச்சுவர், மேல்தளக் கட்டடம் எல்லாவற்றையும் வேறிடத்தில் பெரிய பெரிய துண்டுகளாக முன்கூட்டியே செய்து, கிரேன் வைத்துத் தூக்கி வந்து மேடையில் பொருத்தி வெல்டிங் செய்தார்கள். பால்டிமோரில் இருந்த பெத்லஹேம்-ஃபேர்ஃபீல்டு தளம், ரயில் பெட்டி செய்துகொண்டிருந்த பழைய தொழிற்சாலை ஒன்றில் தகடுகளை வெட்டி வளைத்து, ரயிலிலேயே ஏற்றித் தளத்துக்குக் கொண்டு வந்தது.

துண்டைக் கீழே வைத்துச் செய்வதில் இன்னொரு லாபம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. தலைக்கு மேல் கையை உயர்த்தி வெல்டிங் செய்வது கஷ்டம், அதற்கு அனுபவசாலி வேண்டும். துண்டைப் புரட்டிப் போட்டுக் குனிந்து செய்தால் புதிதாகக் கற்றவர்கூட ஒழுங்காகச் செய்துவிடுவார். ரிவெட் தொழிலுக்கு ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும், வெல்டிங்கைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்தார்கள். முதல் கப்பலுக்கு 244 நாள் ஆனது. 1943 வாக்கில் சராசரி ஏறத்தாழ 42 நாளுக்கு வந்துவிட்டது.

கட்டினவங்க எல்லாம் கப்பல் தொழில் தெரிஞ்சவங்களா?

பெரும்பாலானோர் கப்பலை அதற்கு முன் பக்கத்தில் பார்த்ததுகூட இல்லை. ரிச்மண்ட், போர்ட்லேண்ட் தளங்களை நடத்திய ஹென்றி கைசரே அணை கட்டியவர், ஹூவர் அணை, கிராண்ட் கூலி அணை வேலைகளில் இருந்தவர். கப்பல் தொழில் தெரியாதது அவருக்கு உதவியாகவே இருந்தது, 'இப்படித்தான் செய்வது வழக்கம்' என்ற தடை அவரிடம் இல்லை. ரிச்மண்டில் உச்சகட்டத்தில் 90,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். வயலிலிருந்து வந்தவர்கள், கடைச் சிப்பந்திகள், பெண்கள் ஏராளம். போர்ட்லேண்டில் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு இரவு பகலாக இயங்கும் காப்பகங்கள் வைத்தார்கள்.

ஆனால் இந்தக் கதையை வெறும் ஒற்றுமைக் கதையாகச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. தெற்கிலிருந்து வேலைக்கு வந்த கறுப்பினத்தவரைக் கொதிகலன் தொழிலாளர் சங்கம் முழு உறுப்பினராகச் சேர்க்க மறுத்து, உரிமை குறைந்த துணைச் சங்கங்களில் தள்ளியது. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் மாரின்ஷிப் தளத்துத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டு, 1944 கடைசியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

நாலே நாள்ல ஒரு கப்பல் கட்டினாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலின் கீல் 1942 நவம்பர் 8ஆம் தேதி ரிச்மண்டில் போடப்பட்டது, 12ஆம் தேதி நீரில் இறங்கிவிட்டது. 4 நாள் 15 மணி நேரம் சொச்சம். மீதி வேலை முடித்து 15ஆம் தேதி ஒப்படைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு போர்ட்லேண்டில் ஜோசஃப் என். டீல் 10 நாளில் நீரில் இறங்கியிருந்தது, அந்தச் சாதனையை முறியடிக்கத்தான் இது.

சொல்லாத பாதி என்னவென்றால், கீல் போடும் முன்பே மேலே சொன்ன துண்டுகள் எல்லாம் வழக்கத்தைவிடப் பெரிதாக, குழாய், கம்பி உட்பட அநேகமாக முடிந்த நிலையில் பக்கத்தில் காத்திருந்தன. நாள் கணக்கு கீலிலிருந்து தொடங்குகிறது, தயாரிப்பு வேலை அதில் வராது. எல்லாக் கப்பலையும் அப்படிக் கட்டியிருக்கவும் முடியாது. விளம்பரத்துக்குச் செய்ததா என்றால், ஆமாம், அதுவும் ஒரு காரணம். ஆனால் கப்பல் உடையவில்லை. நார்மண்டிக் கரை வரை போய் வேலை செய்து, 1963இல்தான் உடைப்புக்குப் போனது.

அவசரமா கட்டினதால நடுவுல ரெண்டா உடைஞ்சதாமே? வெல்டிங்தான் காரணமா?

சில உடைந்தன. மிகவும் பேசப்பட்டது ஷெனெக்டடி, அது லிபர்டி அல்ல, டி-2 வகை எண்ணெய்க் கப்பல். 1943 ஜனவரி 16ஆம் தேதி போர்ட்லேண்டில் அலையே இல்லாத தண்ணீரில், தளத்தில் கட்டி நின்றபடியே பெரும் சத்தத்துடன் பிளந்தது. லிபர்டியில் ஜான் பி. கெய்ன்ஸ் அதே ஆண்டு நவம்பரில் அலாஸ்கா பக்கம் இரண்டாக உடைந்து 10 பேர் இறந்தார்கள்.

வெல்டிங்கை மட்டும் குற்றம் சொன்னால் பாதி விடைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியல் அறிஞர் ஆராய்ந்து காட்டியது இது: அந்தக் கால எஃகு ஒரு குறிப்பிட்ட குளிர்நிலைக்குக் கீழே போனால் வளையாமல் பட்டென்று நொறுங்கும் குணம் கொண்டது. வட அட்லாண்டிக்கின் குளிர் அந்த அளவுக்குப் போதுமானது. சரக்கறை வாய்கள் சதுரமாக, கூர்மையான மூலைகளோடு வெட்டப்பட்டிருந்ததால் விசை முழுவதும் அந்த மூலைகளில் குவிந்தது. அங்கே ஒரு கீறல் விழுந்தால், ரிவெட் கப்பலில் அது அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும், வெல்டிங் கப்பலிலோ உடம்பு முழுக்க ஒரே இரும்பு என்பதால் கீறல் நிற்காமல் ஓடும். ஆக எஃகு, மூலை, குளிர், வெல்டிங் எல்லாம் சேர்ந்த விளைவு. மூலைகளை வளைவாக்கி, கீறலைத் தடுக்க ரிவெட் அடித்த பட்டைகள் போட்ட பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. முழுதாக இரண்டாக உடைந்த லிபர்டிகள் கைவிரல் எண்ணிக்கைக்குள்தான்.

பம்பாய் துறைமுகத்துல வெடிச்ச கப்பலும் லிபர்டியா?

இல்லை, ஆனால் ஒன்றுவிட்ட உறவு. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் தங்கக் கட்டிகளுமாக நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் தீப்பிடித்து வெடித்ததில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அது கனடாவில் கட்டிய 'ஃபோர்ட்' வரிசைக் கப்பல். மூன்றாவது கேள்வியில் சொன்ன அதே பிரிட்டிஷ் வரைபடத்தின் இன்னொரு கிளை, இது ரிவெட் அடித்தது. கனடாவின் பழைய வணிகக் கோட்டைகளின் பெயர்களை அந்த வரிசைக்கு வைத்தார்கள்.

சரி, லிபர்டிங்கிற பேரு எங்கிருந்து வந்தது?

ஆரம்பத்தில் இந்தக் கப்பல்களுக்கு நல்ல பெயரே இல்லை. பத்திரிகையில் 'அசிங்கமான வாத்துக்குஞ்சு' என்று எழுதினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும் தோற்றம் பிடிக்கவில்லை. மக்கள் பணத்தில் கட்டும் கப்பலை மக்களே கேலி செய்தால் எப்படி? 1941 செப்டம்பர் 27ஆம் தேதியை 'லிபர்டி கப்பற்படை நாள்' என்று அறிவித்து, அன்று நாடு முழுக்க 14 கப்பல்களை நீரில் இறக்கினார்கள். பால்டிமோரில் இறங்கிய முதல் லிபர்டியின் பெயர் பேட்ரிக் ஹென்றி, 1775இல் 'சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு' என்று பேசியதாகப் புகழ்பெற்றவர். அந்தப் பேச்சை ரூஸ்வெல்ட் தன் உரையில் நினைவூட்டினார், ஐரோப்பாவுக்கு விடுதலை கொண்டு போகும் கப்பல்கள் இவை என்றார். அதிலிருந்து பெயர் நிலைத்தது.

ஒவ்வொரு கப்பலுக்கும் யார் பேரு வச்சது? ஏதாவது விதி உண்டா?

கடல் வணிக ஆணையத்தின் பெயர்க் குழுதான் முடிவு செய்தது. கட்டும்போது கப்பலுக்கு எண்தான், பெயர் பிறகு. விதி எளிது: அமெரிக்க வரலாற்றோடு தொடர்புள்ள, இறந்துபோன ஒருவராக இருக்க வேண்டும். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் தொடங்கி விஞ்ஞானிகள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் என்று போனது. பால்டிமோரில் இன்றும் மிதக்கும் ஜான் டபிள்யூ. பிரவுன் ஒரு தொழிற்சங்கக்காரரின் பெயர். அமெலியா இயர்ஹார்ட், பெட்சி ராஸ் என நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்களும் உண்டு.

விலக்குகளும் உண்டு. போர்ட்லேண்டின் முதல் லிபர்டி ஸ்டார் ஆஃப் ஆரிகன், அது பழைய பாய்மரக் கப்பல் ஒன்றின் பெயர். ஸ்டேஜ் டோர் கேன்டீன் என்பது நியூயார்க்கில் படைவீரர்கள் இளைப்பாறிய இடம்.

20 லட்சம் டாலர் கொடுத்தா நம்ம இஷ்டப்பட்ட பேரை வைக்கலாமாமே?

கொடுத்தால் அல்ல, திரட்டினால். அந்த அளவுக்குப் போர்ப் பத்திரம் விற்றுக் கொடுத்த குழு ஒரு பெயரை முன்மொழியலாம், மேலே சொன்ன விதிக்கு உட்பட்டுத்தான். பத்திரம் என்பது நன்கொடை அல்ல, வட்டியோடு திரும்பி வரும் கடன். ஒரு லிபர்டி கட்டும் செலவும் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் என்பதால், 'நாம் திரட்டிய பணம், நம் கப்பல், நம் பெயர்' என்று மக்கள் உணர்ந்தார்கள். பழைய இரும்பு சேகரித்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெயர் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தார்கள். கறுப்பினப் பெண்கள் அமைப்பு ஒன்று பத்திரம் விற்று இயக்கம் நடத்தியதில் வந்ததுதான் 1944இன் ஹேரியட் டப்மன், அடிமைகளைத் தப்ப வைத்த கறுப்பினப் பெண்ணின் பெயர்.

கறுப்பினத்தவர் பேர் வச்ச கப்பல்கள் நிறைய இருந்ததா?

இல்லை. 2,710இல் இருபதுக்கும் குறைவு. முதலாவது, கறுப்பினக் கல்வியாளர் பெயரைத் தாங்கிய புக்கர் டி. வாஷிங்டன், 1942 செப்டம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் நீரில் இறங்கியது, பாட்டிலை உடைத்துப் பெயர் சூட்டியவர் பாடகி மேரியன் ஆண்டர்சன். நிறத்தைக் காரணம் காட்டி வாஷிங்டன் நகரத்தின் பெரிய அரங்கில் அவரைப் பாடவிடாமல் தடுத்து அப்போது மூன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

அதன் கேப்டன் ஹியூ முல்சாக். கேப்டனுக்கான உரிமம் வாங்கி இருபது ஆண்டுக்கு மேலாகியும் யாரும் அவரிடம் கப்பலைக் கொடுக்கவில்லை. இப்போது கொடுத்தபோது, கறுப்பர் மட்டும் உள்ள கப்பல் வேண்டாம், எல்லா இனத்தவரும் கலந்த மாலுமிகளோடுதான் போவேன் என்று பிடிவாதமாக நின்று அப்படியே நடத்திக் காட்டினார். கப்பலுக்குப் பெயர் வைப்பது வெறும் சடங்கு என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கப்பலைத்தான்.

நம்ம ஊரோட தொடர்புள்ள பேரு ஏதாவது உண்டா?

உண்டு, எலிஹு யேல். பாஸ்டனில் பிறந்து, கிழக்கிந்திய கம்பெனியில் சேர்ந்து, 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். இங்கே சேர்த்த செல்வத்தில் கொஞ்சத்தைக் கொடுத்ததால் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வந்தது. கல்வி வள்ளல் என்ற கணக்கில்தான் கப்பலுக்கும் வைத்தார்கள். சென்னைக்காரர்களுக்கு அவருடைய இன்னொரு பக்கமும் தெரிய வேண்டும்: அவர் ஆளுநராக இருந்த காலத்தில் அந்தக் கோட்டையிலிருந்து அடிமைகள் ஏற்றுமதி ஆனார்கள். எலிஹு யேல் கப்பல் 1944 பிப்ரவரி 15 அன்று இத்தாலியின் ஆன்சியோ கரையில் ஜெர்மன் விமானம் ஏவிய வழிகாட்டு குண்டு பட்டு அழிந்தது.

'சாம்'னு ஆரம்பிக்கிற லிபர்டி கப்பல்கள் இருக்கே, அது யாரு?

ஒரு ஆள் அல்ல. ஏறக்குறைய 200 லிபர்டிகள் கடன்-குத்தகைத் திட்டத்தில் (போரில் நேச நாடுகளுக்கு அமெரிக்கா தளவாடம் கொடுத்த திட்டம்) பிரிட்டனுக்குப் போயின, அவற்றுக்கு மட்டும் சாம்டாம்பா, சாம்கீ என்று 'சாம்' அடைமொழியோடு பெயர் வைத்தார்கள்.

இந்தக் கப்பல்ல போனவங்க கடற்படைக்காரங்களா?

பீரங்கியை இயக்கியவர்கள் மட்டும் கடற்படை. கப்பலை ஓட்டியவர்கள் வணிகக் கப்பல் மாலுமிகள். 1942 செப்டம்பர் 27, பேட்ரிக் ஹென்றி நீரில் இறங்கி சரியாக ஓராண்டு, தென் அட்லாண்டிக்கில் ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்ற லிபர்டி, ஷ்டியர் என்ற ஜெர்மன் ஆயுதக் கப்பலோடு சண்டையிட்டது. இரண்டும் மூழ்கின. படகில் ஏறிய 15 பேர் 31 நாள் கழித்து பிரேசில் கரை சேர்ந்தார்கள். ஹாப்கின்ஸின் கேப்டன் பால் பக், கடைசிக் குண்டுகளைச் சுட்டு இறந்த பயிற்சி மாலுமி எட்வின் ஓஹாரா, இருவர் பெயரிலும் பிறகு லிபர்டிகள் வந்தன. இப்படிப் போரில் இறந்த மாலுமிகளின் பெயர்கள் பட்டியலில் ஏறிக்கொண்டே போயின. ஆனால் அந்த மாலுமிகளுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியை அமெரிக்க அரசு 1988இல்தான் கொடுத்தது. இவ்வளவு தாமதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கக் கூடாதுன்னா, ஓகாரா விஷயம் எப்படி?

நியாயமான கேள்வி. 1944 ஜூலையில் ஜீன் நிகோலெட் என்ற லிபர்டி கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, மாலத்தீவுக்குத் தெற்கே ஜப்பானின் ஐ-8 நீர்மூழ்கி அதைத் தாக்கியது. தப்பியவர்களை நீர்மூழ்கியின் மேல்தளத்தில் ஏற்றிக் கொன்றார்கள். கடலில் விழுந்து பிழைத்த சிலரை ராயல் இந்தியக் கடற்படையின் ஹோக்ஸா கப்பல் மீட்டது. ஜீன் நிகோலெட்டில் பயணம் செய்த கப்பல் போக்குவரத்து நிர்வாகப் பிரதிநிதி பிரான்சிஸ் ஓகாரா இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பி, அவர் பெயரை ஒரு லிபர்டிக்கு வைத்தார்கள். அவரோ ஜப்பானியச் சிறைமுகாமில் உயிரோடு இருந்தார், போர் முடிந்து வெளியே வந்தார். தன் பெயர் தாங்கிய லிபர்டியில் ஏறிப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். விதியை யாரும் மீறவில்லை.

விக்டரி கப்பல் வேற, லிபர்டி வேறயா?

வேறு. விக்டரிகள் 1944இல் வந்தவை, டர்பைன் எஞ்சின், 15 முதல் 17 நாட் வேகம். பெயர் முறையும் வேறு: முதலில் நேச நாடுகள் (இந்தியா விக்டரி என்றும் ஒன்று உண்டு), பிறகு அமெரிக்க ஊர்கள், கல்லூரிகள்.

தாத்தா ஒரு லிபர்டி கப்பல்ல வேலை பார்த்தாராம், ஆனா அவர் சொல்ற பேரு பட்டியல்லயே இல்ல. எப்படித் தேடுறது?

போருக்குப் பிறகு கப்பல்கள் விற்கப்பட்டன. கிரேக்கர்கள் 1946-47இல் அரசு உத்தரவாதத்தோடு ஒரே தொகுப்பாக 100 வாங்கினார்கள். வாங்கியவர்கள் பெயரை மாற்றினார்கள், கைமாறும்போதெல்லாம் மறுபடி மாற்றினார்கள். 1947இல் டெக்சஸ் சிட்டியில் அமோனியம் நைட்ரேட்டோடு வெடித்த பிரெஞ்சுக் கப்பல் கிராண்ட்கேம்ப், பிறந்தபோது பெஞ்சமின் ஆர். கர்ட்டிஸ். கடைசியாகக் கட்டிய லிபர்டியான ஆல்பர்ட் எம். போ, ஸ்டார் ஆஃப் கோடியாக் என்ற பெயரில் அலாஸ்காவில் கரையேறி மீன் ஆலையாகிவிட்டது. கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் ஹெல்லாஸ் லிபர்டியும் ஒரு காலத்தில் ஆர்தர் எம். ஹட்டல்தான்.

அதனால் தாத்தா சொன்ன பெயரோடு அவர் வேலை பார்த்த ஆண்டு, கப்பலின் கொடி எந்த நாடு, முதலாளி நிறுவனம் எது என்பதையும் கேட்டு வையுங்கள். அந்த ஆண்டின் லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடினால் பழைய பெயர், கட்டிய தளம், கட்டிய ஆண்டு எல்லாம் கிடைக்கும். பழைய பெயர் கிடைத்துவிட்டால், மேலே சொன்ன கட்டுமான எண்ணை வைத்து அந்தக் கப்பல் எந்தத் தேதியில் நீரில் இறங்கியது என்பது வரை பின்னோக்கிப் போகலாம். மாலுமியின் பழைய பணிப் பதிவுப் புத்தகம் வீட்டில் இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள், கப்பல் பெயரும் ஏறி இறங்கிய தேதிகளும் அதிலேயே முத்திரையோடு இருக்கும்.